கோப்பாயில் முடிந்த ஒரு வாழ்வும் அதன் பின் வந்த காலமும்

இலங்கைத் தமிழர் அரசியல் வரலாற்றில் 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் திகதி ஒரு திருப்புமுனையாகக் குறிப்பிடப்படுவதுண்டு. அன்றுதான் உரும்பிராயைச் சேர்ந்த பொன்னுத்துரை சிவகுமாரன் என்ற இளைஞர், கோப்பாயில் பொலிஸாரால் சுற்றிவளைக்கப்பட்ட நிலையில், தம்மிடம் வைத்திருந்த சயனைட் நஞ்சை உட்கொண்டு உயிர் துறந்தார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது கூட நிறைந்திருக்கவில்லை. அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. அவர் வாழ்ந்த காலத்தை நேரில் அறிந்தோர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர் இறந்த பின் பிறந்த தலைமுறையினர் ஒரு முழுப் போரையும் கண்டு முடித்துவிட்டார்கள்.

சிவகுமாரனைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் இரு வகையானவை. ஒரு சாரார் அவரை மாவீரராகப் போற்றி, கேள்விக்கு அப்பாற்பட்டவராக்கி வைத்துள்ளனர். மற்றொரு சாரார் பயங்கரவாதத்தின் முதற்பக்கம் எனக் கூறி ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். இவ்விரண்டும் ஒரு மனிதனின் வாழ்வைப் புரிந்துகொள்ள உதவுவன அல்ல என்பதே நமது கருத்தாகும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியைப் பேசிக்கொண்டு, ஒரே மண்ணின் நினைவுகளை வெவ்வேறாகச் சுமந்து நிற்கும் இந்நாட்டில், இந்த வாழ்வை அதன் காலத்தில் வைத்தும், அதற்குப் பின் நிகழ்ந்தவற்றின் ஒளியில் வைத்தும் பார்ப்பது அவசியமாகின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில் அமைந்த பழைய ஊர் கோப்பாய். 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் பின்வாங்கிச் சென்ற இடம் இதுவென்பது வரலாறு. அதன் அயலூரே உரும்பிராய். செம்மண் தோட்டங்களும், கிணற்று நீர்ப் பாசனமும், படிப்பை மூலதனமாகக் கருதும் குடும்பங்களும் நிறைந்த வலிகாமத்தின் இந்தப் பகுதியில், 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 26ஆம் திகதி சிவகுமாரன் பிறந்தார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் கல்வி பயின்றார். அக்காலத்து யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்துப் பிள்ளை ஒருவருக்கு வகுக்கப்பட்டிருந்த பாதை தெளிவானது. நன்றாகப் படிக்க வேண்டும், பல்கலைக்கழகம் செல்ல வேண்டும், அரசாங்க உத்தியோகம் பெற வேண்டும். அந்தப் பாதை அவருடைய தலைமுறையின் கண்முன்னேயே குறுகத் தொடங்கியது.

அவருக்கு ஆறு வயது நிறைவதற்கு முன்னரே, 1956இல், தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. எட்டு வயதாகும் முன் 1958ஆம் ஆண்டின் இனக்கலவரம் நிகழ்ந்து, தெற்கிலிருந்து தமிழர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டு வடக்கிற்குக் கொண்டுவரப்பட்டனர். 1961ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் கச்சேரி வாயிலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தபோது அவர் பத்து வயதுச் சிறுவன். அந்த அறப்போராட்டத்தில் கிழக்கில் முஸ்லிம்களும் பங்கேற்றனர் என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி. ஏறத்தாழ இரு மாதங்களின் பின் அவசரகாலச் சட்டத்தின் கீழ் இராணுவம் இறக்கப்பட்டுப் போராட்டம் ஒடுக்கப்பட்டது. 1957இல் பண்டாரநாயக்கவுடனும், 1965இல் டட்லி சேனநாயக்கவுடனும் தந்தை செல்வநாயகம் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இரண்டும் நிறைவேறாமற் போயின. அறவழியிற் கேட்டவர்களுக்கு அடியும், பேசிப் பெற்றவர்களுக்கு ஏமாற்றமுமே மிஞ்சியதாக எண்ணிய ஒரு சூழலிலேயே சிவகுமாரனின் இளமைப் பருவம் கழிந்தது.

1970ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசாங்கம் ஆட்சிக்கு வந்தது. தொடர்ந்து பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் முறை புகுத்தப்பட்டது. 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது, பேராதனையில் பொறியியல் பயிலச் சிங்கள மொழி மூல மாணவர் ஒருவர் 227 புள்ளிகள் பெற்றால் போதுமென்றிருக்க, தமிழ் மொழி மூல மாணவர் 250 புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. மருத்துவத்திற்கு இந்த எல்லை முறையே 229 ஆகவும் 250 ஆகவும் இருந்தது. ஒரே பரீட்சையை எழுதிய இருவருக்கு, எழுதிய மொழியைக் கொண்டு இரு வேறு வாயில்கள் வகுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து மாணவர்களின் கோபம் இங்கிருந்தே அரசியலாக உருவெடுத்தது எனலாம்.

இவ்விடத்தில் நாம் ஒரு விடயத்தைத் திறந்த மனத்துடன் பேச வேண்டும். அப்போதைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் ஒரு முஸ்லிம். அமைச்சரவையின் கொள்கைக்கு எதிராக எழுந்த கோபம், யாழ்ப்பாணத்தில் சிலரிடையே முஸ்லிம்கள் மீதான மனக்கசப்பாகவும் திரிந்தது. ஆயினும் மொழியை அடிப்படையாகக் கொண்ட அந்தத் தரப்படுத்தல், தமிழ் மொழியிற் கற்ற முஸ்லிம் மாணவர்களையும் பாதித்தது. பின்னர் 1974இல் மாவட்ட அடிப்படையிலான ஒதுக்கீடு வந்தபோது, அது யாழ்ப்பாணத்தைப் பாதித்தாலும், மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை போன்ற வசதி குறைந்த மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்குச் சில கதவுகளைத் திறந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அநீதியாகத் தெரிந்தது வேறோரிடத்தில் வாய்ப்பாகத் தெரிந்தது. இந்த வேறுபாட்டைப் பொறுமையாகப் பேசித் தீர்க்கும் மேடை எதுவும் அன்று அமைக்கப்படவில்லை. ஓர் அமைச்சரின் பெயரைக் கொண்டு ஒரு சமூகத்தை அளக்கும் பழக்கத்தின் விலையைப் பிற்காலத்தில் நாம் கண்டோம்.

தரப்படுத்தலுக்கு எதிராக 1970இல் உருவான தமிழ் மாணவர் பேரவையில் சிவகுமாரன் இணைந்தார். சத்தியசீலன் தலைமையிலான அந்த அமைப்பு ஊர்வலங்களையும் பகிஷ்கரிப்புகளையும் நடத்தியது. ஆனால் அதற்குள்ளிருந்த சில இளைஞர்களுக்கு ஊர்வலங்கள் போதுமானவையாகத் தோன்றவில்லை. 1970ஆம் ஆண்டு உரும்பிராய்க்கு வந்த கலாசாரப் பிரதி அமைச்சர் சோமவீர சந்திரசிறியின் வாகனத்திற்குக் குண்டு வைத்த சம்பவத்திலும், 1971ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் வாகனத்தின் மீது குண்டு வீசிய சம்பவத்திலும் சிவகுமாரனின் பெயர் அடிபட்டது. இரு முயற்சிகளும் தோல்வியடைந்தன. அவர் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். காவலில் அவர் கடும் சித்திரவதைக்கு ஆளானார். மீண்டும் உயிருடன் பிடிபடுவதில்லை என்ற முடிவுக்கு அவரை இட்டுச் சென்றது அந்த அனுபவமே என்பது அவர் வரலாற்றை எழுதியோர் பலரும் ஒத்துக்கொள்ளும் செய்தியாகும்.

இதே காலத்திலேயே தெற்கில் சிங்கள இளைஞர்களும் ஆயுதம் ஏந்தினர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி ஜே.வி.பி.யினர் நாடெங்கும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். அவ்வேளை அவர்களுடைய தலைவர் ரோகண விஜேவீர யாழ்ப்பாணத்திலேயே சிறை வைக்கப்பட்டிருந்தார். கிளர்ச்சி சில வாரங்களில் அடக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்டனர். கல்வி கற்றும் எதிர்காலம் தெரியாத இளைஞர்களின் விரக்தி ஓர் இனத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இரு பகுதியினரின் விரக்தியையும் அரசு ஒரே கருவி கொண்டே எதிர்கொண்டது. அந்தக் கருவி அவசரகாலச் சட்டம் ஆகும்.

ஒழுங்குமுறையற்ற போர் வடிவங்களைப் பற்றிப் பேசுவோர் மூன்று சொற்களைப் பயன்படுத்துவர். அவை கெரில்லாப் போர், கிளர்ச்சி, பயங்கரவாதம் என்பன. கெரில்லா என்பது சிறு போர் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல். 1808ஆம் ஆண்டு நெப்போலியனின் படைகள் ஸ்பெயினுக்குள் புகுந்தபோது, அந்நாட்டு மக்கள் சிறு குழுக்களாக நின்று நடத்திய தாக்குதல்களிலிருந்து உலக வழக்குக்கு வந்தது. வலிமை குறைந்தவர்கள் வலிமை மிக்க படையை, நேருக்கு நேர் நில்லாது, மறைந்திருந்து தாக்கும் முறை அது. கிளர்ச்சி என்பது ஆட்சியை மாற்றவோ பிரிந்து செல்லவோ விரும்பும் மக்கட் பகுதியொன்றின் நீண்ட அரசியற் போராட்டம். அதில் ஆயுதம் ஒரு பகுதி மட்டுமே. பயங்கரவாதம் என்பதோ ஆயுதம் தரியாத மக்களைக் கொல்வதன் மூலம் அச்சத்தை விதைத்து அரசியல் இலக்கை அடைய முயல்வது. அரசுகளும் இந்த வழியைக் கைக்கொள்வதுண்டு. ஓர் இயக்கத்தின் நோக்கம் என்ன என்பதைக் கொண்டு மட்டும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. அதன் துப்பாக்கி யாரை நோக்கி நீள்கிறது என்பதே உண்மையான அளவுகோல்.

இந்த அளவுகோலைச் சிவகுமாரனுக்கும் நாம் தயங்காது பிரயோகிக்க வேண்டும். அவர் படை முகாமொன்றைத் தாக்கவில்லை. முதலில் அவர் குறிவைத்தவர்கள் அரசியல்வாதிகள், அதாவது ஆயுதம் தரியாதவர்கள். அதனைக் கெரில்லாப் போர் என்று கூற இயலாது. அரசியற் கொலை முயற்சி என்பதே அதற்குரிய பெயர். அதேவேளை, பொதுமக்கள் கூடுமிடத்தில் குண்டு வைத்தவர் என்றோ, வேற்றினத்தவர் என்பதற்காக எவரையேனும் தாக்கியவர் என்றோ அவரைக் கூற முடியாது. அவர் கையால் எவரும் இறந்ததாகப் பதிவில்லை. அவர் வைத்திருந்த நஞ்சு பறித்த ஒரே உயிர் அவருடையதே. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதே நேர்மையான வாசிப்பாகும்.

சிறையிலிருந்து அவர் வெளியே வந்த காலத்தில் நாட்டின் நிலை மேலும் மோசமடைந்திருந்தது. 1972ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பு, பௌத்த மதத்துக்கு முதன்மை இடம் அளித்ததோடு, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய யாப்பின் 29ஆம் பிரிவையும் இல்லாமற் செய்தது. இந்த இழப்பு தமிழருக்கு மட்டுமன்றி முஸ்லிம்களுக்கும் உரியதேயாகும். இதற்கு எதிர்ப்புத் தெரிவித்துச் செல்வநாயகம் தமது காங்கேசன்துறைப் பாராளுமன்ற ஆசனத்தை அவ்வாண்டு ஒக்டோபரில் துறந்து, இடைத்தேர்தல் மூலம் மக்கள் தீர்ப்பைக் கேட்டார். அந்த இடைத்தேர்தல் 1975ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம்வரை நடத்தப்படவேயில்லை. வாக்குச் சீட்டால் பதில் சொல்ல மக்கள் காத்திருந்த இந்த இரண்டரை ஆண்டுக் காலத்துக்குள்ளேயே சிவகுமாரனின் எஞ்சிய வாழ்வு முழுவதும் அடங்கிவிட்டது.

தமிழ்த் தலைவர்களும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அக்கால மேடைகளில் இளைஞர்கள் தமது விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகமிட்டனர். தலைவர்கள் அதை ஏற்றுக்கொண்டனர். மாற்றுக் கருத்துடைய தமிழர்கள் துரோகிகள் என மேடைகளில் பெயர் கூறி இழிவுபடுத்தப்பட்டனர். அந்தச் சொல்லை உச்சரித்தவர்கள் அரசியல்வாதிகள். அதனைத் தண்டனைத் தீர்ப்பாக விளங்கிக்கொண்டவர்கள் இருபது வயது இளைஞர்கள்.

இவ்வாறான சூழலில்தான் 1974ஆம் ஆண்டு ஜனவரியில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. கோலாலம்பூர், சென்னை, பாரிஸ் ஆகிய நகரங்களின் பின் யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்த பெருமை அது. கொழும்பில் நடத்த வேண்டுமென்ற அரசாங்கத்தின் விருப்பத்தை மீறிப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் மாநாடு கூடியது. ஊரெங்கும் மாவிலைத் தோரணம் கட்டி மக்கள் அதனைத் தமது வீட்டு விழாவாகக் கொண்டாடினர். இறுதி நாளான ஜனவரி 10ஆம் திகதி இரவு, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நைனா முகமது உரையாற்றிக்கொண்டிருந்தார். ஓர் இஸ்லாமியத் தமிழறிஞரின் தமிழில் யாழ்ப்பாணத்து மக்கள் தம்மை மறந்து இருந்த அந்த வேளையிலேயே பொலிஸார் கூட்டத்துக்குள் புகுந்தனர். தடியடியும் கண்ணீர்ப்புகையும் பிரயோகிக்கப்பட்டன. துப்பாக்கி வேட்டில் மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. அன்றைய அனர்த்தத்தில் குறைந்தது ஒன்பது பேர் உயிரிழந்தனர்.

அரசாங்கம் முறையான விசாரணையொன்றை நடத்த முன்வரவில்லை. ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிரெட்சர் தலைமையில், நீதியரசர் மாணிக்கவாசகரும் ஆயர் குலேந்திரனும் அடங்கிய மக்கள் குழு ஒன்றே சாட்சியங்களைப் பதிவு செய்து, பொலிஸாரின் செயல் தேவையற்ற வன்முறை என முடிவு கூறியது. அந்த முடிவுக்குச் சட்ட வலு இருக்கவில்லை. எவரும் தண்டிக்கப்படவில்லை. ஒரு சமூகத்தின் மீது இழைக்கப்பட்ட குற்றத்துக்கு நீதிமன்றத்தின் கதவு மூடப்படும்போது, தனி மனிதர்கள் தாமே நீதிபதியாகவும் தண்டனை வழங்குபவராகவும் மாறத் துணிவது வரலாற்றில் அடிக்கடி நிகழ்வது. சிவகுமாரன் அவ்வாறு துணிந்தார். அன்றிரவுப் பொலிஸ் நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய அதிகாரியையும், மாநகர முதல்வர் துரையப்பாவையும் பழி தீர்ப்பதாக அவர் உறுதி பூண்டார்.

பழிதீர்க்கும் முயற்சி வெற்றி பெறவில்லை. பொலிஸார் அவரைத் தீவிரமாகத் தேடினர். தலைமறைவு வாழ்வுக்கும் ஆயுதத்துக்கும் பணம் தேவைப்பட்டது. இதன் பொருட்டு 1974ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி கோப்பாயில் வங்கி ஒன்றைக் கொள்ளையிட அவரும் தோழர்களும் முயன்றனர். முயற்சி தோல்வியடைந்தது. தாம் பிறந்த ஊரின் அயலிலேயே, சிறு வயது முதல் நன்கு அறிந்த நிலத்தில், அவர் பொலிஸாரின் வளையத்துக்குள் அகப்பட்டார். பிடிபட்டால் சித்திரவதையில் தோழர்களின் பெயர்களைச் சொல்ல நேரிடலாம் என்பதற்காகவே அவர் சயனைட்டை வைத்திருந்தார். அன்றே அவர் உயிர் பிரிந்தது.

உரும்பிராயில் நடைபெற்ற இறுதிச் சடங்கில் பெருந்திரளான மக்கள் கலந்துகொண்டனர். உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒதுங்க இடம் கொடுக்கவும் அஞ்சியவர்கள் பலர், இறந்த பின் கண்ணீருடன் வந்தனர். பின்னர் அவ்வூரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அது படையினரால் உடைக்கப்படுவதும் மீண்டும் எழுப்பப்படுவதுமாக இருந்து வந்தது. ஒரு சிலையை உடைப்பதனால் ஒரு நினைவை அழிக்க முடியாது என்பதை அதிகாரத்தில் இருந்தோர் உணரவில்லை. அதேபோல், ஒரு சிலையை எழுப்புவதனால் ஒரு வாழ்வின் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடாது என்பதை நாமும் உணரவில்லை.

அவர் இறந்து ஓராண்டு கடந்து, 1975ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் திகதி, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலுக்கு வழிபடச் சென்ற அல்பிரட் துரையப்பா சுட்டுக்கொல்லப்பட்டார். சிவகுமாரனால் முடியாததை வேறு இளைஞர்கள் செய்து முடித்தனர். தமிழ்த் தேசிய மேடைகளில் துரோகி எனப்பட்ட துரையப்பாவுக்கு யாழ்ப்பாண நகரின் ஏழை மக்களிடையேயும், சோனகத் தெரு முஸ்லிம்களிடையேயும் செல்வாக்கு இருந்தது. அவருடைய மறைவுக்காக அழுத வீடுகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தன. ஆனால் அந்தக் கொலையைத் தவறென்று பகிரங்கமாகச் சொன்ன தமிழ்க் குரல்கள் மிகச் சிலவே. கோவில் வாசலில் நிராயுதபாணியான ஒருவர் கொல்லப்பட்டபோது சமூகம் காத்த அந்த மௌனத்தை, பின்னர் ஆயுதம் ஏந்தியோர் அனுமதியாகவே எடுத்துக்கொண்டனர்.

ஆயுதப் போராட்டம் எல்லாமே இவ்வாறுதான் முடியும் என்ற விதி எதுவும் இல்லை. அல்ஜீரியாவில் 1832ஆம் ஆண்டு முதல் 1847ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுப் படைகளை எதிர்த்துப் போராடிய அமீர் அப்துல் காதிரின் வரலாறு நமக்கு இதனை உணர்த்தும். விரைந்து நகரும் குதிரைப் படையைக் கொண்டு வல்லரசு ஒன்றை அவர் பதினைந்து ஆண்டுகள் திணறடித்தார். எனினும் சரணடைந்த எதிரிகளைக் கொல்லலாகாது என்பதைத் தமது படைக்கு விதியாக்கினார். தோல்வியடைந்து நாடு கடத்தப்பட்டு டமஸ்கஸ் நகரில் வாழ்ந்தபோது, 1860ஆம் ஆண்டு அங்கு மூண்ட கலவரத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்குத் தமது வீட்டிலும் ஆட்களின் பாதுகாப்பிலும் அடைக்கலம் கொடுத்துக் காப்பாற்றினார். தம்மை வென்ற நாட்டினரின் மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பது அவருக்குத் தடையாகத் தோன்றவில்லை. ஆயுதத்தை எடுப்பதற்கு முன்னரே அதற்கு எல்லை வகுத்துக்கொண்டவர் அவர். நம்மிடையே ஆயுதம் முதலில் வந்தது. எல்லை என்பது பேசப்படவேயில்லை.

1976ஆம் ஆண்டு மே மாதம் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கமும், வட்டுக்கோட்டைத் தீர்மானமும் பிறந்தன. 1977ஆம் ஆண்டின் வன்செயல்கள், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டமை என்பன அரசு தன் பங்குக்கு ஆயுதப் பாதைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த படிகளாகும். 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் திகதி இரவு திருநெல்வேலியில் நடைபெற்ற பதுங்கித் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். இடத்தால் அது கோப்பாய்க்கு அண்மையது, வடிவத்தால் அது முழுமையான கெரில்லாத் தாக்குதல். அதற்குப் பதிலாகத் தெற்கில் கொல்லப்பட்டவர்களோ ஆயுதம் எதனையும் கண்டறியாத தமிழ்ப் பொதுமக்கள். பயங்கரவாதம் என்ற சொல்லுக்கு அரசுத் தரப்பும் உரியது என்பதை அந்த ஜூலை உலகுக்குக் காட்டியது.

சிவகுமாரன் தனி ஒருவராகத் தமது கழுத்துக்குத் தாமே தேர்ந்துகொண்ட நஞ்சு, பின்னர் ஓர் இயக்கத்தின் சீருடையின் பகுதியாகியது. பதின்ம வயதுச் சிறுவர் சிறுமியரின் கழுத்திலும் அது தொங்கியது. தோழரைக் காட்டிக்கொடுக்காதிருக்க ஒருவர் எடுத்த தனிப்பட்ட முடிவு, ஆயிரக்கணக்கானோருக்கு விதிக்கப்பட்ட கட்டளையாக மாறியபோது அதன் பொருளும் மாறிவிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கோப்பாய் மீண்டும் வரலாற்றில் இடம்பெற்றது. 1986ஆம் ஆண்டு மே மாதம், ரெலோ இயக்கத்தின் தலைவர் சிறீ சபாரத்தினம் கோப்பாய்ப் பகுதியில் விடுதலைப் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்நாட்களில் அவ்வியக்கத்தின் இளைஞர்கள் பலர் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் கொல்லப்பட்டனர். தோழர்களின் பெயரைச் சொல்லாதிருப்பதற்காக ஓர் இளைஞர் நஞ்சருந்திய அதே மண்ணில், ஒரே இலக்கைக் கூறிப் புறப்பட்ட ஓர் இயக்கத்தின் தலைவரை மற்றோர் இயக்கம் கொன்றது. அதையும் யாழ்ப்பாணம் பெரும்பாலும் வாய்பொத்தியே பார்த்திருந்தது.

அதன் பின் வந்ததே முஸ்லிம் வாசகர்கள் மறக்க முடியாத 1990ஆம் ஆண்டு. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரிலும் படுகொலை நிகழ்ந்தது. ஒக்டோபர் மாதம் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும், ஏறத்தாழ எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர், வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே. தலைமுறைகளாகச் சேர்த்தவற்றை விட்டு, கையில் சிறு தொகையுடன் அவர்கள் சென்றனர். தமிழ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு சமூகம், தமிழின் பெயரால் போராடிய இயக்கத்தால் தமிழ் மண்ணிலிருந்து அகற்றப்பட்டது. இதற்கு ஒழுங்குமுறையற்ற போரின் எந்த இலக்கணத்திலும் நியாயம் இல்லை.

1976ஆம் ஆண்டு புத்தளம் பள்ளிவாசலில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் முஸ்லிம்கள் இறந்தபோது செல்வநாயகம் குரல் கொடுத்தார். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் அஷ்ரஃப் போன்ற முஸ்லிம் தலைவர்கள் தமிழர் விடுதலைக் கூட்டணியுடன் நின்றனர். எண்பதுகளின் தொடக்கத்தில் முஸ்லிம் இளைஞர்களும் தமிழ் இயக்கங்களில் இணைந்தனர். அத்தகைய உறவு பதினைந்து ஆண்டுகளுக்குள் இவ்வாறு முறிந்தது. 2002ஆம் ஆண்டு, சமாதான காலத்தில், அந்த வெளியேற்றத்துக்காக அன்டன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். ஆனால் அயல் வீடுகள் வெறுமையானதைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழர்களாகிய நாம் கூறவேண்டிய வருத்தத்தை வேறெவரும் நமக்காகக் கூறிவிட முடியாது.

இவை அனைத்துக்கும் சிவகுமாரனைப் பொறுப்பாளியாக்கலாமா என்று கேட்டால், இல்லை என்பதே நமது பதில். இருபத்து மூன்று வயதில் இறந்த ஒருவர், தாம் இறந்து பதினாறு ஆண்டுகளின் பின் பிறர் செய்ததற்கு விடை கூற முடியாது. அவருக்குக் கல்வியின் வாயிலைக் குறுக்கியவர்கள், அவரைச் சிறையில் வதைத்தவர்கள், மாநாட்டுக் கொலைகளுக்கு நீதி மறுத்தவர்கள் அவருடைய முடிவில் பங்காளிகள். மேடையில் துரோகி என்ற சொல்லை விதைத்தவர்களும் பங்காளிகள். ஆனால் அவருடைய வாழ்விலேயே ஒரு தவறு இருந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. யார் குற்றவாளி என்பதைத் தாமே தீர்மானித்து, விசாரணையின்றித் தண்டிக்கலாம் என்ற எண்ணமே அந்தத் தவறு. அவரிடம் அது ஒரு பொலிஸ் அதிகாரியையும் ஓரிரு அரசியல்வாதிகளையும் மட்டுமே நோக்கியிருந்தது. அந்த எண்ணம் ஓர் இயக்கத்தின் கையில் சென்றபோது, மாற்று இயக்கங்களையும், பின்னர் ஒரு முழுச் சமூகத்தையும் குற்றவாளியாகத் தீர்மானிக்கும் அளவுக்கு விரிந்தது.

கோப்பாயில் விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லம் ஒன்று இருந்தது. படையினர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் அது அழிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து மீள அமைக்கப்பட்டது. போர் முடிந்த பின் மீண்டும் தரைமட்டமாக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டு அவ்விடத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. தம் பிள்ளைகளைப் புதைத்த இடத்தில் விளக்கேற்ற முடியாத தாய்மார்கள் வீதியோரத்தில் விளக்கேற்ற நேர்ந்தது. இறந்தவர்களை நினைவுகூரும் உரிமையை மறுக்கும் அரசு, 1974இல் நீதியை மறுத்த அதே தவற்றையே மீண்டும் செய்கின்றது.

நினைவுகூரும் உரிமையைக் கோரும் நமக்கும் ஒரு கடமை உண்டு. ஜூன் 5ஆம் திகதி சிவகுமாரனுக்கு விளக்கேற்றுவோர், ஆகஸ்ட் 3ஆம் திகதியையும் ஒக்டோபர் 30ஆம் திகதியையும் அதே மனத்துடன் நினைவுகூர வேண்டும். காத்தான்குடியிலும் சோனகத் தெருவிலும் உள்ளவர்கள், யாழ்ப்பாண மாநாட்டு இரவில் ஒரு முஸ்லிம் பேராசிரியரின் உரையைக் கேட்டுக்கொண்டிருக்கையில் இறந்தவர்களைத் தம்மவர்களாகவும் எண்ணிப்பார்க்க வேண்டும். பாடசாலை மாணவர்களுக்கு இந்த வரலாற்றை மாவீரர் கதையாகவோ பயங்கரவாதிக் கதையாகவோ அன்றி, நடந்தது நடந்தவாறே ஆண்டும் காரணமும் கூறிக் கற்பிக்க வேண்டும். ஓர் இளைஞனின் கோபம் நியாயமானதாக இருக்கும்போது, அந்தக் கோபத்தைக் கேட்கவும், அதன் வழி தவறும்போது அஞ்சாது தடுத்துச் சொல்லவும் மூத்தோர் முன்வர வேண்டும். 1974ஆம் ஆண்டு உரும்பிராயில் சிவகுமாரனுக்காகத் திரண்ட மக்களில் ஒரு சிறு பகுதியினரேனும் அதற்கு முன்னரே அவரிடம் சென்று பேசியிருந்தால், கோப்பாயில் அந்த வாழ்வு அவ்வாறு முடிந்திராது.